ஐம்பது நிமிடப் பயணம்

குக் தீவுகளில், ரரோதொங்காவிலிருந்து ஐதுதாக்கித் தீவுக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு ஊர் திரும்பும் மெரியானாவுக்கு மகளைப் பார்க்கும்வரை இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் இருபதாவது நிமிடத்திலேயே விமானம் தரையிறங்கியது.

"காத்து தள்ளிட்டு வந்திருச்சு," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

கூட வந்தவர்கள் கலைந்துபோனார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுக் கணவன் தெரேவுக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்கே நீ? என்னை மறந்துட்டியா?"

"ஏர்போர்ட்லதான் நிக்கிறோம், மாலையோட. உன் பிளேன் இப்பத்தானே இறங்குது."

மெரியானா திரும்பிப் பார்த்தாள். ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது.

போனில் மகள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. அடுத்து ஒரு பெண்ணின் சிரிப்பு. அது மெரியானாவின் சிரிப்பு.

தெரே குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நீங்க யாரு பேசறது?"