போட்டிக்காரர் பிரெட்

"நல்லாப் பாருங்கம்மா. இதே மாதிரி பிரெட்டை இன்னொருத்தர் உங்க விலையில முக்கால்வாசிக்குத் தர்றேங்கிறார்."

சூப்பர் மார்க்கெட் மேனேஜர், உறை பிரித்த முழு பிரெட் ஒன்றை மேஜையில் நகர்த்தினார். எதிரே பேக்கரிக்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அடுப்பில் வேகிறதில் பாதிக்கு மேல் இந்தக் கடைக்குத்தான் வருகிறது. கடை கைவிட்டால் வேலையாட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நாற்காலியில் அத்தனை சாவகாசமாகச் சாய்ந்திருந்தார்.

அவள் பிரெட்டை எடுத்து மோந்தாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சும்மா சொல்லக்கூடாது சார், அருமை. இவர்கிட்டயே வாங்கிக்குங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கெஞ்சுவாள், கண்ணைக் கசக்குவாள், கடைசியில் வழிக்கு வருவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்.

அவளோ அந்த பிரெட்டின் புகழ் பாட ஆரம்பித்துவிட்டாள். என்ன பதம், என்ன கைப்பக்குவம்! இப்படிப்பட்ட ஆளுக்கு விலையைக் குறைப்பது பாவம், எனக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம் என்றாள். நாளையிலிருந்து தன் வண்டி வராது என்று சொல்லி எழுந்தும்விட்டாள்.

"உட்காருங்கக்கா," என்றார் மேனேஜர். அம்மா எப்போது அக்கா ஆனாள் என்று அவருக்கே தெரியாது. "புது ஆளை நம்பி எப்படி இறங்குறது? காலையில பிரெட் அலமாரி காலியாக் கிடந்தா முதலாளி என் தோலை உரிச்சிடுவார். நீங்க சொன்ன மாதிரி கொஞ்சம் கூட்டியே போட்டுத் தர்றேன்."

போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டாள். அந்த பிரெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வண்டியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த கணவருக்கு, விலை ஏறிய கதையை நம்பவே முடியவில்லை. "போட்டிக்கு வந்தவன் பிரெட் அவ்வளவு மோசமா?"

"நம்மளதைவிட ஒரு துளி குறைவில்லங்க." சிரிப்பை அடக்க முடியாமல் பிரெட்டை அவர் மடியில் கவிழ்த்தாள். "அடியில பாருங்க. போன மாசம் நீங்க கீழே போட்டு நசுக்கினீங்களே பிரெட் சுடுற டின் ஒண்ணு, அந்தப் பள்ளம் அப்படியே பதிஞ்சிருக்கு."