மேட்டுத் தெரு லோடு

"பெரிய டர்போ போட்டா வண்டி பறக்கும்ண்ணே," என்றார் மெக்கானிக்.

"பறக்க வேணாம். ஊர்ந்தாப் போதும். மேட்டுத் தெருவுல பாதியில நிக்கக் கூடாது."

லாரிக்காரர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவருடையது கிழட்டுச் சின்ன லாரி. ஏற்றத்தைக் கண்டாலே அதற்கு இருமல் வரும்.

"அப்ப சின்ன டர்போதான். மெதுவாப் போகும்போதே நல்லா இழுக்கும். பின்னால கிரவுன் பல்சக்கரத்தையும் மாத்திடலாம். ஸ்பீடு குறையும், பரவால்லையா?"

"எனக்கென்ன அவசரம்?"

"என்ன லோடு? செங்கல்லா?"

"வீட்டுச் சாமான். பீரோ, கட்டில், தையல் மெஷின்."

"பஞ்சு மூட்டை தூக்க யானையா! இதுக்கா இவ்வளவு பாடு?"

"சரக்குக்காரங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. போன தடவை மாதிரி ஆகக் கூடாதாம்."

ஞாயிற்றுக்கிழமை லோடு ஏறியது. சரக்குக்காரர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் லாரிக்காரரின் மனைவி. மேட்டின் உச்சியில் அவளுடைய அப்பா வீடு.

போன தடவை இதே சாமான்களோடு அவள் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது, வண்டி பாதி மேட்டில் படுத்துவிட்டது. இருவரும் சக்கரத்துக்குக் கல் வைத்து, வியர்த்து, ஒருவரையொருவர் திட்டி, கடைசியில் சிரித்துவிட்டு வீட்டுக்கே திரும்பினார்கள்.

இன்று வண்டி அந்த இடத்தை ஒரு முனகல்கூட இல்லாமல் தாண்டியது.

அப்பா வீட்டு வாசலில் அவர் பிரேக் போட்டார். அவள் இறங்கவில்லை.

"வண்டி பாதியில நிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றார்.

"இத்தனை வருஷத்துல நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் அவள். "இதை மட்டும் ஏன் கேட்டீங்க?"