அடுத்த வகுப்பில் சொல்கிறேன்

ஆற்றுக்கு அக்கரையில் வந்த கலகப் படை படுத்துக்கொண்டு சுட்டது.

பாதிப் பேர் சுட, மீதிப் பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் விழுந்து படுத்ததும் மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். சிலி நாட்டில் யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. நிமிர்ந்து நின்று சுடுவதுதான் வீரம் என்று வளர்ந்தவர்கள்.

மேட்டில் அரசாங்கப் பீரங்கிகளுக்கு நடுவே நின்ற கேப்டன் எவாரிஸ்தோ தொலைநோக்கியை இறக்கினான். இந்த நாட்டில் இதைச் சொல்லித் தந்தவர் ஒருவர்தான்.

சார்ஜெண்ட் ரெமிகியோ வறுத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாருக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே கேப்டன். நல்லாவே தேறிட்டாரு போல."

ராணுவப் பள்ளியில் பாடம் நடத்த ஜெர்மனியின் பிரஷ்யாவிலிருந்து வந்த மேஜர் பிரெல்விட்ஸ் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டார் என்று முகாமில் பேச்சு வந்தபோது, சொன்னவனின் சட்டையைப் பிடித்தவன் எவாரிஸ்தோ. அரசாங்கம் கடல் தாண்டி வரவழைத்த மனிதர். அதன் உப்பைத் தின்றவர். அப்படிச் செய்யவே மாட்டார் என்று கத்தினான்.

போன வருடம் மேஜர் தன் மாணவர்களை இதே ஆற்றங்கரைக்குக் குதிரையில் கூட்டி வந்தார். தலைநகரைக் காக்கப் பீரங்கிகளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்.

எவாரிஸ்தோ இந்த மேட்டைக் காட்டினான். ஆறு ஆழம், இறங்கிக் கடக்க எதிரே ஒரே துறைதான் என்றான்.

மேஜர் ஆறு வளையும் இடத்துக்குத் தனியாகப் போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

"நல்லா யோசிச்சிருக்கே. ஒரே ஒரு குறை இருக்கு. அடுத்த வகுப்புல சொல்றேன்."

அடுத்த வகுப்பு நடக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள். எவாரிஸ்தோ ஆரஞ்சுப் பழங்களோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

போர் வந்ததும் இந்த மேட்டைத் தளபதியிடம் சிபாரிசு செய்தவனும் அவனே. அந்தக் குறை மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வாத்தியார் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தான், மடையன்.

ரெமிகியோ கோப்பையைக் கீழே வைத்தார். அவர் துறையைப் பார்க்கவில்லை. பீரங்கிகளுக்குப் பின்னால், ஆறு வளையும் பக்கம் பார்த்தார்.

புதர்களை விலக்கிக்கொண்டு, இக்கரையிலேயே, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கால்சட்டையும் முழங்கால்வரைதான் நனைந்திருந்தது.

குண்டு பட்டிருந்தால்கூட எவாரிஸ்தோவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மேஜரின் குதிரையைத் துடைத்துவிட்டது அவன்தான். முழங்காலுக்கு மேல் ஈரமே இல்லை. குளம்பில் அக்கரைச் செம்மண் ஒட்டியிருந்தது.