சுத்தமான ரிப்பேர்

"தம்பி, இது என் பிளேயரோட சத்தமே இல்ல."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தையல்காரர் சிடி பிளேயரைக் கொண்டுவந்தது, டிஸ்க் வைக்கும் தட்டு திறக்கவில்லை என்றுதான். பாவம், வயதான மனுஷர் என்று இவனாகவே தேய்ந்துபோன லென்ஸையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டியிருந்தான். நல்லதுக்குக் காலமில்லை.

இந்த மாதிரி ஆசாமிகளை அவனுக்குத் தெரியும். வயரை மாற்றினால் இனிக்கிறது, பிளக்கைத் திருப்பினால் கசக்கிறது என்று உயிரை வாங்குவார்கள். பாம்புக் காது என்று நினைப்பு.

"அண்ணே, டிஸ்க்ல இருக்கிறதைப் படிச்சு நம்பரா அனுப்புறதுதான் பிளேயர் வேலை. அதைச் சத்தமா மாத்துறது இந்தக் கன்வெர்ட்டர். ஒரே கன்வெர்ட்டர்ல எந்தப் பிளேயரைச் சொருகினாலும் ஒரே சத்தந்தான்!"

"கன்வெர்ட்டர் என்னோடதுதான். சத்தம் என்னோடது இல்லையே."

"அப்படியா? சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க."

அவர் கொண்டுவந்த டிஸ்க்கை எடுத்தான். வீட்டில் பதிவு செய்தது. ஓரத்தில் ஒரு கீறல். துடைக்கப் போனவன் கையை அவர் பாய்ந்து பிடித்தார்.

"அதைத் தொடாதேப்பா!"

முதலில் கடைப் பிளேயர். ஒரு சின்னப் பெண் பாடினாள். பாடி முடித்து, "அப்பா, போதுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அத்தோடு நின்றது. பிறகு அவருடைய பிளேயர். அதே பாட்டு, அதே சிரிப்பு.

"இப்பச் சொல்லுங்க, எது உங்களோடது?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் தையல்காரர், சுவரைப் பார்த்தபடியே.

"அப்பாடா! வழிக்கு வந்தீங்களா?"

"அதான் தம்பி குறையே. இது தானா நின்னுடுது. என் பிளேயர் நிக்காது. நான் எழுந்து போய்த்தான் நிறுத்தணும்."

"அந்தக் கோளாறைத்தானே சரி பண்ணினேன்!" தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. "சரி விடுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. புதுசாவே பதிவு பண்ணிடலாம்."

தையல்காரர் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"அவ உயிரோட இருந்தா நான் ஏன்ப்பா இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறேன்?"

மெக்கானிக் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். அவர் குடிக்கவில்லை.

"அந்தப் பழைய லென்ஸையே மாட்டிக் குடுத்திடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மேஜைக்கு அடியிலிருந்த கூடையை இழுத்தான். காலி. காலையில்தான் பழைய சாமான்காரன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். இருந்தும் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

"போயிடுச்சுண்ணே" என்றான். "இதைவிட நல்ல லென்ஸ்தான் போட்டிருக்கேன். இது எந்தக் கீறலையும் தாண்டிடும்."

தையல்காரர் டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய் நின்றார்.

"அந்த 'அப்பா'ங்கிற இடத்துலதான்ப்பா கீறல். பழைய லென்ஸ்ல நான் எழுந்து வர்ற வரைக்கும் 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பா."