மழை நாள் கரண்டி

ஜெஜு தீவின் துணைமின் நிலையத்தில் மூன்றாம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சூடு தணிக்க ஊற்றியிருப்பது சமையலுக்கும் ஆகிற கனோலா எண்ணெய். "மழை பெஞ்சா இதுலயே வெங்காயத்தாள் அடை சுட்டுக்கலாம்டி," என்று தோக்சு மனைவி யோன்சிலிடம் கேலி பேசுவான். இருவருக்கும் அங்கேதான் வேலை. போன வருடம் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலேயே அவன் செத்துக் கிடந்தான்.

அதிலிருந்து, மழை நாட்களில் எண்ணெய் ஒரு கரண்டி குறைகிறது. கசிவு எதுவும் இல்லை. யோன்சில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள்.

இன்று காலையிலிருந்து மழை. இரண்டு கரண்டி குறைந்திருந்தது. அவள் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

உடன் வேலை பார்க்கும் சங்ஹுன் மதியம் டப்பாவைத் திறந்தான். "வாங்கக்கா, காலையிலயும் நீங்க ஒண்ணும் சாப்பிடல."

"வேண்டாம்ப்பா. வயிறு நெறஞ்சிருக்கு."

உதட்டோரத்து எண்ணெயையும் ஒட்டியிருந்த வெங்காயத்தாள் துணுக்கையும் அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.