கட் ஆகாத மிஸ்டு கால்

"ஏண்டி செல்வி, மாவுக்கு வந்தவங்க வரிசையா நிக்கிறோம், நீ போனை நோண்டிக்கிட்டு நிக்கிற! யாவாரம் பண்ற லட்சணமாடி இது?"

அன்னக்கிளி நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள். அரியாங்குப்பத்தில் அடுத்த வீட்டுக்காரி, தினசரி வாடிக்கை. அந்த உரிமை.

"ஒரு நிமிஷம்க்கா. பெரியவர் கட் பண்ண மாட்டேங்கிறாரு."

"கட் பண்ணலன்னா பேசித் தொலையேன்!"

"பேசுறதுக்கு இல்லக்கா. அவரு கட் பண்ணணும். அதான் கணக்கு."

அந்தக் கணக்கு இதுதான். முதலியார்பேட்டையில் மண்ணாங்கட்டி என்று ஒரு பெரியவர். மில்லில் வேலை பார்த்தவர், வீட்டில் ஒண்டி ஆள்.

"தினம் விடிஞ்சதும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கணும், அவ்ளோதாம்மா. கட் பண்ணா நல்லா இருக்காருன்னு அர்த்தம். கட் பண்ணலன்னா நேர்ல போய்ப் பாக்கணும்" என்று வணிகர் சங்கத்துக் கமலக்கண்ணன் வந்து கேட்டபோது, செல்வி சீறி விழுந்தாள்.

"ஒத்தை ஆளா மாவுக்கடை நடத்துறேன் சார். எனக்கே சோறு திங்க நேரமில்ல. சேவை செய்ய நான்தான் கெடச்சேனா?"

நேரமில்லை என்றது சுத்தப் பொய். அப்போது கடை பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. புருஷன் செத்துப்போனதிலிருந்து எழுந்திருக்கவே பிடிக்காமல் படுத்துக் கிடந்தாள்.

கமலக்கண்ணன் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

அதிலிருந்து கண் விழித்ததும் இதுதான் முதல் வேலை. எழ மனசில்லாத நாளில்கூட, 'ஐயோ, பெரியவர் காத்துக்கிட்டு இருப்பாரே' என்று எழுந்துவிடுவாள். எழுந்த பிறகு சும்மா உட்கார முடியுமா? உளுந்தைக் கழுவுவாள், கிரைண்டரைப் போடுவாள். கடையும் ஓட ஆரம்பித்தது.

இத்தனைக்கும் அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு உயிரைக் காபந்து பண்ணுகிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் கரண்ட் போய்த் தொலைந்தது. போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. கரண்ட் வந்ததும் நிச்சயதார்த்த வீட்டு ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. ஒருவழியாகப் போனுக்கு உயிர் வந்து, அவருக்கு அடித்தால், ரிங் முழுசும் போய் ஓய்ந்தது.

மறுபடி அடித்தாள். கட் ஆகவில்லை.

"அக்கா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருந்தா? நெஞ்சு வலி கிஞ்சு வலி வந்திருந்தா?"

"நீ என்ன டாக்டரா? நிச்சயதார்த்த வீட்டுக்காரங்க வந்து மாவு எங்கன்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

"நீங்க கொஞ்சம் கடையப் பாத்துக்குங்கக்கா."

கிரைண்டரை அணைத்தாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"பொழப்பப் பாக்காம ஊருக்கு உபகாரம் பண்ணப் போறா மகராசி!"

அன்னக்கிளியின் கத்தல் தெருமுனை வரை துரத்தியது.

ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. கமலக்கண்ணனுக்கு அடித்தால் பிஸி. செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. 'கடவுளே, அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. நேரத்துக்கு அடிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே, பாவி நான்!'

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"ஐயா! ஐயா!"

திரும்ப அவர் நம்பருக்கு அடித்தாள். வீட்டுக்குள் மணி அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலில் போன் மட்டும் கத்திக்கொண்டு கிடந்தது. பாத்ரூமில் ஆள் இல்லை. அடுப்படியிலும் இல்லை.

"யாரும்மா நீ?"

பக்கத்து வீட்டு வீராயி வாசலில் நின்றாள்.

"பெரியவர் எங்கம்மா? அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"காலையிலேர்ந்து போனையே மொறச்சிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் யாருக்கோ அடிச்சாரு, சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சாம். அவ்ளோதான், சட்டை பட்டனக்கூடப் போடாம ஆட்டோ புடிச்சி ஓடிட்டாரு. பதட்டத்துல போனையும் வுட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்க போனாரு?"

"தெரியலியேம்மா. கேட்டதுக்குக்கூட நிக்கல."

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. அன்னக்கிளி. காலையில் அப்படிக் கத்தின குரல் இப்போது கம்மிப்போயிருந்தது.

"செல்வி, எங்கடி இருக்க? இங்க ஒரு பெரியவரு, மண்ணாங்கட்டியாம், கடை வாசல்ல நின்னு அழுவுறாருடி. புருஷன் செத்து ஒடிஞ்சிபோயிக் கெடக்கிற பொண்ணு, தினம் எழுந்திரிக்குதான்னு பாத்துக்கச் சொல்லி கமலக்கண்ணன் சாரு உன்னை இவரு பொறுப்புல வுட்டிருக்காராம். இன்னிக்கி உங்கிட்டேர்ந்து மிஸ்டு கால் வரலியாம்... நீ உசுரோட இருக்கியான்னு கேக்குறாரு."