288க்கும் 305க்கும் இடையில்

பக்கம் 288க்கு எதிரே 289 இருந்தது.

அவள் மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

289.

கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு தொடங்க இன்னும் இருபது நிமிடங்கள். ஆய்வேட்டில் ஒப்பிட்ட நாவல்களை மேடையோர மேசையில் காட்சிக்கு வைப்பது துறையின் வழக்கம்.

"நூலகப் பிரதி நைஞ்சு கெடக்குக்கா. அதை எப்படி மேசையில வைக்க? புதுசா மறுபதிப்பு வந்திருக்குன்னு வாங்கிட்டு வந்தேன்" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குப் பின்னால் ஆய்வில் சேர்ந்தவள். "அட்டை நல்லாருக்குல்ல?"

அட்டை நன்றாகத்தான் இருந்தது.

இந்த ரஷ்ய நாவலை ஐந்தாண்டுகளாக அவள் வாசித்தது நூலகத்தில் இருந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில். எப்போதோ பிரித்து மறுபடி தைத்துக் கெட்டி அட்டை போட்ட பிரதி. அதில் 288க்கு எதிரே இருப்பது 305. தைத்தவர் ஒரு ஃபாரத்தை, ஒன்றாக அச்சாகி மடிக்கப்பட்ட ஒரு தாளை, விட்டுவிட்டிருக்கிறார்.

பதினாறு பக்கங்கள்.

288இன் கடைசி வரியில் நீதிபதி வண்டிக்காரனின் மனைவியிடம் கேட்கிறார்: "நீ சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா?"

305இன் முதல் வரியில் காவலர்கள் அவளை வெளியே அழைத்துச் செல்கிறார்கள்.

இடையில் இருந்ததை அவள் மௌனம் என்று வாசித்திருந்தாள்.

ரஷ்ய நாவலின் வண்டிக்காரன் மனைவி நீதிமன்றத்தில் பேசவில்லை. பிரெஞ்சு நாவலின் தையற்காரி மரணப்படுக்கையில் பேசவில்லை. ஜப்பானிய நாவலின் மீனவப் பெண், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்த கணவனிடம் பேசவில்லை. மூன்று மௌனங்களையும் ஒப்பிட்டு, அவை தோல்வி அல்ல, எதிர்ப்பு என்று நிறுவியிருந்தாள். அவளுடைய வாதத்தில் மற்ற இருவரும் சாய்ந்து நின்றது வண்டிக்காரன் மனைவியின் மேல்தான்.

தன் ஆய்வேட்டைத் திறந்தாள். மூன்றாம் இயல். அடிக்குறிப்பு 41: ப. 288. அடிக்குறிப்பு 42: ப. 305.

அவளே எழுதியவை. ஒன்றின் கீழ் ஒன்றாக.

புதிய பிரதியில் 289ஐ வாசிக்கத் தொடங்கினாள். வண்டிக்காரனின் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். 290இலும் பேசினாள். பெயர்களைச் சொன்னாள், தேதிகளைச் சொன்னாள். நீதிபதி இரண்டு முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

304 வரை அவள் நிறுத்தவில்லை.

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"ஏம்மா, முகம் வெளுத்திருக்கு?" நெறியாளர் பக்கத்தில் வந்து நின்றார். "மிக்சர் பொட்டலம் கைக்கு வர்ற வரைக்கும்தான் கூட்டம் உட்காரும். அரை மணி நேரம். அதுக்கப்புறம் நீ டாக்டர்."

அவள் வாய் திறந்தாள். அதற்குள் வெளித்தேர்வாளரின் கார் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நெறியாளர் வரவேற்புத் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

சொன்னால் திருத்தம். திருத்தம் என்றால் மூன்றாம் இயல் இல்லை. மூன்றாம் இயல் இல்லையென்றால் ஆய்வேடே இல்லை.

சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

தேர்வு தொடங்கியது. இருபது நிமிடங்கள் தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டாள். மூன்றாம் இயலை இரண்டே வாக்கியங்களில் கடந்தாள்.

வெளித்தேர்வாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"இந்த ஆய்வேட்டின் உயிர் மூன்றாம் இயல். அந்த ரஷ்ய நாவலை நான் பலமுறை வாசித்தவன். வண்டிக்காரனின் மனைவி கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை இவ்வளவு நுட்பமாக இதுவரை யாரும் பேசியதில்லை."

கைதட்டல்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் புன்னகைத்தார்.

பலமுறை.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதுதான் அவளை அச்சுறுத்தியது.

பின்வரிசையில் மிக்சர் பொட்டலங்கள் பிரியத் தொடங்கின. அவையோர் கேட்கலாம் என்றார் நெறியாளர். அதுவும் வழக்கம்: கேள்வி கேட்க யாரும் எழமாட்டார்கள் என்பதால், இரண்டு நாள் முன்பே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி இளைய ஆய்வாளரிடம் கொடுத்துவிடுவார்கள். விடையும் ஆயத்தமாக இருக்கும்.

ஜெசிந்தா எழுந்தாள். தாளைப் பார்க்காததுபோல் பார்த்தாள்.

"மூன்று பெண்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்? ஏன்?"

மனப்பாடம் செய்த விடை வரிசை கலையாமல் நினைவில் இருந்தது. வண்டிக்காரனின் மனைவி. ஏனெனில், பேச வேண்டிய இடத்தில் அவள் பேசாமல் நின்றாள்.

கூடம் காத்திருந்தது. நெறியாளர் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், முதல் சொல்லை எடுத்துக்கொடுப்பவரைப் போல.

"வண்டிக்காரனின் மனைவி" என்றாள்.

நெறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஏனெனில்.

அவள் ஒலிவாங்கியை விட்டு விலகி மேசைக்குப் போனாள். புதிய பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். 288 எளிதில் விரியவில்லை. அட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

நீதிபதியின் கேள்வியை உரக்க வாசித்தாள்.

பொட்டலங்களின் சரசரப்பு நின்றது.

அவள் விரல் எதிர்ப்பக்கத்தின் முதல் வரிக்கு நகர்ந்தது.